யூஎஸ்பி வைஃபை அடாப்டரில் ஹாட்ஸ்பாட் வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

கல்லிடைக்குறிச்சியில் பெரியம்மா வீடு பழைய காலத்து நீளவாக்கு வீடு. மோடம் ரேழியில் இருக்கிறது, தங்கச்சி படிப்பது பின்கட்டில். "சிக்னல் கூடத்தைத் தாண்ட மாட்டேங்கு, என்னன்னு பாருல" என்றாள் பெரியம்மா. மோடத்திலிருந்து பின்கட்டு லேப்டாப்புக்கு லேன் வயர் இழுத்தேன். டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையிலும் ஓடக்கூடிய) யூஎஸ்பி அடாப்டரைச் செருகி, அதையே ஹாட்ஸ்பாட் ஆக்க முயன்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகக் கூடாது.

லேப்டாப்பில் விண்டோஸ் 10 அல்லது 11 இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

1. அடாப்டர் தெரிகிறதா?
ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தால் வரும் டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பகுதியைத் திறங்கள். அதில் பெயர் இல்லாமல், 'திஸ் பிசி'யில் புதிதாக ஒரு சிடி டிரைவ் வந்திருந்தால், அடாப்டர் தன் டிரைவரை, அதாவது தன்னை ஓட்டும் மென்பொருளை, காட்டிக்கொண்டு நிற்கிறது. அதை இன்ஸ்டால் செய்துவிட்டு, சிடி டிரைவை எஜெக்ட் செய்யுங்கள்.

லேப்டாப்பின் சொந்த வைஃபையை இங்கேயே டிசேபிள் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஹாட்ஸ்பாட் அதிலிருந்தே கிளம்பக்கூடும்.

2. ஹாட்ஸ்பாட் ஆன் ஆகவில்லையா?
அதே இடத்தில் 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' கொடுங்கள். 'வைஃபை டைரக்ட் விர்ச்சுவல் அடாப்டர்' டிசேபிள் ஆகியிருந்தால் எனேபிள் செய்யுங்கள். விண்டோஸ் ஹாட்ஸ்பாட் ஓடுவது இதன் மேல்தான்.

3. போன் சேர்கிறது, நெட் இல்லை
செட்டிங்ஸில் மொபைல் ஹாட்ஸ்பாட் பக்கத்தில், எந்த இணைப்பைப் பகிர்வது என்ற இடத்தில் 'ஈதர்நெட்' இருக்க வேண்டும். விபிஎன் (நெட்டை வேறு சர்வர் வழியாகச் சுற்றி விடும் ஆப்) ஓடினால் நிறுத்திப் பாருங்கள்.

4. அடிக்கடி அணைகிறது
அடாப்டரின் ப்ராப்பர்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் உள்ள 'பவர் சேவிங்'கையும் ஆஃப் செய்யுங்கள். தனி பவர் வயர் இல்லாத யூஎஸ்பி ஹப் வேண்டாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதே 500 மில்லிஆம்பியர்தான், ஹப்பில் அதையும் பங்கு போட வேண்டியிருக்கும்.

5. 5 கிகாஹெர்ட்ஸ்
என் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது இதுதான். டூயல் பேண்ட் என்றால் இரண்டு பேண்டும் ஒரே நேரத்தில் ஓடும் என்று நினைத்திருந்தேன். இந்தச் சின்ன அடாப்டர்களில் பொதுவாக ஒரே ரேடியோதான். 2.4 ஓடும், அல்லது 5 ஓடும். நான் 5 வைத்ததும் தங்கச்சியின் போனில் பெயர் வந்தது, பெரியம்மாவின் பழைய போனில் வரவே இல்லை. கோளாறு அடாப்டரில் இல்லை, அந்தப் போனுக்கு 5 கிகாஹெர்ட்ஸே தெரியாது.

அதனால் முதலில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'எடிட்' அமுக்கி, பேண்டை 2.4-இல் வைத்து எல்லாப் போனும் சேர்கிறதா பாருங்கள். பிறகு 5-க்கு மாற்றுங்கள். வேகம் கூடும், ஆனால் காரைச் சுவர் ஒன்று குறுக்கே வந்தாலே சிக்னல் சட்டென்று இளைக்கும். பின்கட்டு அறைக்குள் மட்டும் போதும் என்றால் 5, அடுக்களைக்கும் வேண்டும் என்றால் 2.4.

2.4-இல் வேகம் தள்ளாடினால் அடாப்டர் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். அந்தப் போர்ட்டின் இரைச்சல் 2.4 பேண்டிலேயே விழும் என்று இன்டெல்லே 2012-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி அடாப்டரைத் தள்ளி வையுங்கள். பெரியம்மா வீட்டில் அது இப்போது நிலைப்படிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அடுக்களை வரைக்கும் சிக்னல் எட்டுகிறது.