உங்களையே திட்டிக்கொள்ளும்போது பெயர் சொல்லிப் பேசுங்கள்

"நான் எதுக்குமே லாயக்கில்லை" என்று மனசு புலம்பத் தொடங்கினால், 'நான்' இருக்கும் இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். "செல்வி, இன்டர்வியூவில் ரெண்டு கேள்விக்கு உனக்குப் பதில் தெரியலை. அடுத்ததுக்கு முன்னாடி எதைப் படிக்கணும்?" மனசுக்குள் சொன்னாலே போதும்.

பெயர் சொல்லிப் பேசும்போது, சிநேகிதிக்கு யோசனை சொல்லும் நிதானம் நமக்கும் வந்துவிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஈதன் கிராஸும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் இப்படித் தயாரானவர்கள் 'நான்' என்று யோசித்தவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். பிறகு மனசுக்குள் அதையே போட்டு அரைத்ததும் குறைவு.

பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: "செல்வி, நீ ஒரு மக்கு" என்று பெயரோடு வசையும் சேர்ந்துவிடும். அப்படியானால் பலன் இல்லை. நடந்ததை மட்டும் ஒரு வரி சொல்லி, அடுத்து செய்யக்கூடிய ஒன்றைக் கேள்வியாகக் கேளுங்கள்.

சந்தோஷமான நேரத்தில் இது வேண்டாம், மகிழ்ச்சியையும் தள்ளி வைத்துவிடும். சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண், தமிழிலும் பேசலாம்.