உரத் தொட்டி ஏன் நாறுகிறது? அடுக்குமாடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் குப்பையை உரமாக்குகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பினாங்கில் இப்போது நிறையப் பேர். நல்லதுதான். ஆனால் யார் தொட்டியைப் போய்ப் பார்த்தாலும், தொடக்கத்தில் நான் அடித்த அதே கூத்துதான் நடந்துகொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் போடாதே, கண்ணாடி போடாதே என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும்; 2017 ஜூன் முதல் இங்கே குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயமும் ஆகிவிட்டது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

காய்ந்த சரக்கு இல்லாமல் தொடங்குவது

தொட்டி வாங்குவார்கள். கையுறை, குட்டி மண்வெட்டி, பாட்டிலில் நுண்ணுயிர்க் கரைசல் எல்லாம் வாங்குவார்கள். காய்ந்த இலை மட்டும் இருக்காது. முதல் நாளே காய்கறித் தோல், தேங்காய்ச் சக்கை, நேற்றைய சோறு என்று கொட்டி மூடியை இறுக அழுத்திவிடுவார்கள்.

சமையல் கழிவில் பெரும்பங்கு தண்ணீர். நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று நாளில் அது குழைந்து, காற்றுப் புகும் சந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் வேறு வகை. அவை கழிவை அழுக வைக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. மூக்கை எரித்தால் அமோனியா, அதாவது ஈரக் கழிவில் இருக்கும் நைட்ரஜன் கூடிப்போய், காய்ந்த இலையில் இருக்கும் கார்பன் போதவில்லை. அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கும். கூடவே மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது.

தீவின் குப்பை கடல் தாண்டிப் போய்ச் சேரும் பூலாவ் பூரோங் குப்பை மேட்டில் பெரிய அளவில் நடப்பதும் இதுதான். 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது நிபோங் தெபால் பக்கத்து ஆட்களுக்கு மறந்திருக்காது. மலேசிய வீட்டுக் குப்பையில் அதிகம் இருப்பது உணவுக் கழிவுதான். அது அங்கே போகாமல் இருக்கத்தான் இவ்வளவு பாடு. ஈரத்தைக் கொட்டி இறுக மூடினால், பால்கனியில் ஒரு குட்டிப் பூலாவ் பூரோங் வளர்க்கிறோம், அவ்வளவுதான்.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடி. குடியிருப்பவர்கள் பணம் போட்டு, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தின் ஓரமாகப் பெரிய தொட்டிகள் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். "இலை எங்கே?" என்றேன். முன்னின்று நடத்திய தம்பி, "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணே, மருந்து ஊத்தியிருக்கோம்" என்றார். பாட்டில் கரைசலைத்தான் மருந்து என்கிறார். கொஞ்ச நாளில் தீபாவளி. வீட்டுக்கு வீடு மீந்த பிரியாணியும் ஆட்டுக்கறிக் குழம்பும் அதற்குள் போயின. முதல் மாடி ஆன்ட்டி ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று மேனேஜ்மென்டில் போய் நின்றார். நான் போய் மூடியைத் தூக்கினால், மேலே கட்டி கட்டியாகச் சோறு, அதன்மேல் செக்கச்செவேலென்று எண்ணெய்ப் படலம், விளிம்பைச் சுற்றி மொய்க்கும் பழ ஈ. வெளியே கொட்டி, அட்டையைக் கிழித்துக் கலந்து கிளறியிருந்தால் அப்போதும் காப்பாற்றியிருக்கலாம். அதற்குள் லோரியை வரவழைத்துத் தொட்டியோடு அள்ளிவிட்டார்கள்.

பணம் போனால் போகட்டும். இன்று அந்தக் கட்டடத்தில் உரம் என்று வாயெடுத்தால் சண்டைக்கு வருகிறார்கள். பக்கத்துக் கட்டடத்துக் கமிட்டியும் இதையே காட்டிக் கதவைச் சாத்திவிட்டது. அத்தனையும் நாலு சாக்கு இலை இல்லாததால்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணக்கு சுலபம். ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை. எடை பார்க்க வேண்டாம், வாளியால் அளந்தால் போதும். கார்பனும் நைட்ரஜனும் 30க்கு 1 என்று புத்தகத்தில் இருக்கும். இந்த வாளிக் கணக்கு உங்களை அதன் பக்கத்தில் கொண்டுபோய்விடும். ஒவ்வொரு முறையும் மேலே இலை போட்டு முடியுங்கள், கழிவு கண்ணில் படக்கூடாது. உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் இலை வேண்டும். பிடியில் நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

இலை எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். அங்சானா மரங்கள் நம் சாலைகளில் கொட்டுகிற கொட்டு உங்களுக்கே தெரியும். காலையில் கூட்டுகிறவரிடம் சொல்லி வைத்தால் சாக்கோடு தருவார். ஒரு தே தாரே, அதான் நம் நுரை டீ, வாங்கிக் கொடுங்கள். மழை மாதங்களுக்கென்று இரண்டு சாக்கு காயவைத்து ஒதுக்கி வையுங்கள். இல்லையென்றால் முட்டை அட்டை, டேப் உரித்த பழுப்பு அட்டைப்பெட்டி, பட்டறை மரத்தூள். பிளைவுட் தூள் மட்டும் வேண்டாம், பசை கலந்தது.

காய்ந்த இலையைக் கொளுத்துவது

திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். அதைவிட, இலை வீணாகப் போச்சே!

புழுவைக் கண்டதும் கொசு மருந்து அடிப்பது

பழுப்பு நிறத்தில், தட்டையாக, வரி வரியாக இருந்தால் அது பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃபிளை என்கிற ஈயின் புழு. மளமளவென்று தின்று கழிவைக் குறைத்துவிடும். அந்த ஈ கடிக்காது. மருந்தடித்தால் அதோடு சேர்ந்து உரம் செய்யும் உயிர்களும் சாகும், அந்த மண்ணில் கீரை போடவும் மனசு வராது. பார்க்க அருவருப்பாக இருந்தால் மேலே இன்னும் இலை போட்டு மூடுங்கள். புழு அதிகம் என்றால் ஈரம் அதிகம்.

தொட்டிக்கடியில் தட்டு வைத்து மறந்துபோவது

சாரலில் மழைத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். சுகாதார அதிகாரி வந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது, இது இயற்கை உரம் சார் என்று சொன்னால் அபராதம் குறையாது. மல்லாத்தி வைத்த மூடியின் குழிவையும் பாருங்கள்.

முட்டை ஓடு

நொறுக்கிப் போடுங்கள்.

டுரியான் தோல்

பாலேக் பூலாவ் டுரியான் சீசனில் சிறு துண்டுகளாக வெட்டிப் போடப் பொறுமை இருந்தால் போடலாம். எனக்கு இல்லை.

மின்சார இயந்திரத்தை நம்புவது

சில மணி நேரத்தில் உரம் தரும் என்று விற்கிறார்கள். அவற்றில் பலவும் செய்வது கழிவைச் சூடாக்கி உலர்த்தி அரைப்பதுதான். வெளியே வருவது காய்ந்த சாப்பாட்டுத் தூள். அதைத் துளசிச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பூஞ்சை பிடித்து மறுபடி அழுகத் தொடங்கும், வேரும் சேர்ந்து போகும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, அந்தத் தூளைச் சமையல் கழிவாகவே கணக்கில் வைத்து, இலையோடு சேர்த்துத் தொட்டியில் போடுங்கள்.

மாலையை அப்படியே போடுவது

கோயில் மாலையும் சாமிப் படத்துச் சரமும் நல்ல சரக்கு. செவ்வந்தியும் சம்பங்கியும் சீக்கிரம் மக்கிவிடும். பிரச்சினை நூல். பருத்தி நூலோ வாழை நாரோ என்றால் கவலையில்லை. இப்போது பல கடைகளில் நைலான் நூல், இடையிடையே ஜிகினா. பூவெல்லாம் மண்ணாகிப் போன பிறகும் நூல் மட்டும் சிக்கலாகக் கிடந்து, கிளறும் கம்பியில் சுற்றிக்கொள்ளும். ஜிகினா பொடிப்பொடியாக உடைந்துவிட்டால் பொறுக்கவே முடியாது, செடி மண்ணில் மினுக்கிக்கொண்டு கிடக்கும். போடுவதற்கு முன் ஒரு முனையை வெட்டி உருவிவிடுங்கள், பூக்கள் தானாக உதிரும். வழக்கமாக ஒரே பூக்கடையில் வாங்குகிறீர்கள் என்றால், "அக்கா, ஜிகினா வேண்டாம், பருத்தி நூலில் கட்டுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தைப்பூச நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள், திட்டு விழும்.