‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு பயந்துகிட்டே வேலை பாக்குறவங்க பண்ற தப்புங்க

ஐடி வேலைல அப்ரைசல் சீசன், அதாவது வேலைய மதிப்பிட்டு சம்பள உயர்வு முடிவு பண்ற நேரம், வந்தாலே எனக்கு எரிச்சல்தான். டீம்ல சேர்ந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆன பசங்க நிரப்பி அனுப்புற ஃபார்ம படிச்சா, அட, நாமளும் இப்படித்தானே எழுதிட்டு இருந்தோம்னு தோணும். வேலைய நல்லாதான் பண்றாங்க, ஆனா ‘ஏதோ தெரியாம என்னை எடுத்துட்டாங்க, ஒருநாள் குட்டு வெளிப்பட்டுரும்’னு உள்ளுக்குள்ள ஒரு பயம். இம்போஸ்டர் சிண்ட்ரோம்னு சொல்றது இதத்தான். 1978ல பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இத முதல்ல எழுதினப்பவே, நல்லா சாதிச்ச பொண்ணுங்கள பத்திதான் எழுதினாங்க. ‘பாசிட்டிவா யோசி’ வகையறா அட்வைஸ் எல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, அத விட்டுருவோம்.

செல்ஃப் ரேட்டிங்ல தன்னடக்கம்

காசு போற தப்பு இதுதான். போன தடவை ஒரு பொண்ணு ஃபார்ம்ல ‘சப்போர்ட் வேலையில் டீமுக்கு உதவினேன்’னு ஒரே வரி, ரேட்டிங் அஞ்சுக்கு மூணு. நடந்தது என்னன்னா மாசக் கடைசில தானா ஓடுற பேட்ச் ஜாப்னு ஒரு ப்ரோக்ராம் ராத்திரில ஃபெயிலாகி ஃபெயிலாகி எல்லார் தூக்கமும் போச்சு, இவதான் உக்காந்து என்ன நடந்துச்சுன்னு சிஸ்டம் எழுதி வைக்கிற லாக்க ஒவ்வொரு வரியா படிச்சு, ஒரு ஃபைல்ல மட்டும் தேதியும் மாசமும் இடம் மாறி வருதுன்னு புடிச்சா, அதுக்கப்புறம் ராத்திரி ஃபோன் கால் வரவே இல்ல. ஏம்மா இத எழுதலன்னு கேட்டா, “எல்லாரும் சேர்ந்துதானேக்கா பண்ணோம்”ங்கிறா.

மேனேஜர் ரேட்டிங் மீட்டிங்ல உக்காரும்போது அவர் கைல இருக்கறது நீங்க எழுதின வரிதான். நீங்களே மூணு போட்டா வேற யாரும் மெனக்கெட்டு நாலு ஆக்கப் போறதில்ல. வருஷம் 6 லட்சம் சம்பளத்துல 12 சதவீதம் ஹைக்குக்கு (சம்பள உயர்வுக்கு) பதில் 8 கிடைச்சா வருஷத்துக்கு 24,000 போச்சு. அதோட முடியாது, அடுத்த ஹைக்கும் அந்த கம்மி சம்பளத்து மேலதான் கணக்கு, ரெண்டு பேருக்கும் ஒரே 10 சதவீதம் போட்டாலும் வித்தியாசம் 26,400 ஆயிரும். அதனால என்ன உடைஞ்சிருந்தது, நீங்க என்ன பண்ணீங்க, அப்புறம் என்ன மாறுச்சு, இந்த மூணையும் ‘நான்’னு போட்டு எழுதுங்க. பொய் இல்லாத வரைக்கும் அது தற்பெருமை ஆகாது.

இங்கிலீஷ வச்சு மார்க் போடறது

மீட்டிங் கால்ல சரளமா இங்கிலீஷ் பேசுறவன பாத்து ‘நான் தமிழ் மீடியம்’னு சுருங்கிக்கிறது. அவன் எழுதுற ப்ரோக்ராம் கோட சரிபாத்து அப்ரூவ் பண்றதே நீங்கதான், மறந்துராதீங்க.

பாராட்டினா “லக் சார்”

தேங்க்ஸ் சொல்லுங்க, போதும்.

சர்டிஃபிகேட்டா சேத்துகிட்டே போறது

‘இன்னும் ஒரு கோர்ஸ் முடிச்சுட்டு அந்த ரோலுக்கு கேக்கலாம்’னு தள்ளிப்போடறது. நிஜமாவே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்லருந்து தகவல் எடுக்குற மொழி) தெரியலன்னா அது இம்போஸ்டர் சிண்ட்ரோம் இல்ல, போய் படிங்க. தெரிஞ்சும் கேக்காம இருந்தா அந்த ரோல் வேற யாருக்கோ போயிரும்.

ஞாபகத்த நம்புறது

திட்டு வாங்கினது வருஷக்கணக்கா ஞாபகம் இருக்கும், பாராட்டு ரெண்டு நாள்ல மறந்துரும். வெள்ளிக்கிழமை கிளம்புறதுக்கு முன்னாடி அந்த வாரம் முடிச்சத ரெண்டு வரி எழுதி வைங்க, பாராட்டி வந்த மெயில தனி ஃபோல்டர்ல போடுங்க. சேட்ல வந்தத சுடச்சுட எடுத்து வச்சுருங்க, ப்ராஜெக்ட் மாறின அன்னிக்கே குரூப்லருந்து தூக்கிருவாங்க. கிளையன்ட் டேட்டா மட்டும் அதுல மாட்டாம பாத்துக்கங்க.