நூல் அறுந்ததற்குக் காரணம் பட்டைதான்

கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி வாங்கி வந்து, கையால் சுழற்றி நூற்கும் சிறு கதிரான தக்ளியில் நூற்க உட்கார்ந்தேன். ஒரு முழம் போவதற்குள் அறுந்துவிடும். முறுக்கு போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாகச் சுற்றினேன். நூல் சுருண்டதே தவிர நிற்கவில்லை.

அப்புறம் பஞ்சுப் பட்டையை, அதாவது நூற்பதற்காகக் குச்சியில் சுற்றி உருட்டிய பஞ்சுத் திரியை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கடுகளவு முடிச்சுகள். ஓரிடத்தில் உடைந்த கொட்டைத்தோல்கூட ஒட்டியிருந்தது. அந்த இடம் வந்ததும் நூல் தடித்து, அடுத்த நொடியே மெலிந்து அறுந்தது. மழைநாளில், பருத்தியில் ஈரம் இருக்கும்போதே கொட்டை எடுத்து, பஞ்சடிக்கும் வில்லால் அடித்திருந்தேன். தப்பு அங்கேதான்.

மறுமுறை பருத்தியைக் கொட்டையோடு இரண்டு மணி நேரம் நல்ல வெயிலில் காயவைத்தேன். பலகைமேல் வைத்து இரும்புக் கம்பியை உருட்டினால் கொட்டை உடையாமல் முன்னால் நழுவி விழுகிறது, பஞ்சு பின்னால் தங்கிவிடுகிறது. பிறகு வில்லின் நாணை மெதுவாகத் தட்டி, பஞ்சு புகைபோல எழும்வரை அடித்தேன். ஒரு பிடிக்கு மேல் போடக்கூடாது, நாண் புதைந்துவிடும். பட்டை உருட்டும்போது மூங்கில் குச்சியை அழுத்தவே கூடாது. கருங்கண்ணி குட்டை இழை. இறுக்கிவிட்டால் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கி வராது.

இப்போது கை உயரும் தூரம்வரை நூல் அறாமல் வருகிறது.