தீனி போடாமல் வேட்டையாடும் விலங்குகளை டிரெயில் கேமரா முன்னால் வரவைப்பது எப்படி?

மரம் அடர்ந்த நிலம் இருக்கிறது, டிரெயில் கேமராவும் (விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா) கட்டியாகிவிட்டது, ஆனால் படத்தில் விழுவதெல்லாம் மானும் முயலும்தான் என்றால் உடனே இறைச்சித்துண்டைத் தேடாதீர்கள். பெரும்பாலும் பிரச்சினை கேமரா இருக்கும் இடத்தில்தான். நரி, ஓநாய், சிறுத்தை, காட்டுப்பூனை எல்லாமே தங்கள் எல்லையைச் சுற்றி வந்துகொண்டே இருப்பவை, அதற்குச் சிரமமில்லாத வழியைத்தான் எடுக்கும். பழைய வண்டித்தடம், ஒற்றையடிப் பாதை, ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும் மரம், இரண்டு மேடுகளுக்கு நடுவில் தாழ்ந்திருக்கும் பகுதி, காடு முடிந்து வெட்டவெளி தொடங்கும் ஓரம், இப்படிப்பட்ட இடங்களைத்தான் முதலில் நடந்து பார்க்க வேண்டும். இரண்டு பாதைகள் சேரும் இடத்தில் ரோமமும் எலும்புத்துணுக்கும் கலந்து முறுக்கிய எச்சம் கிடந்தால் வேறு எங்கும் போக வேண்டாம், அங்கேயே கட்டுங்கள். நரியும் ஓநாயும் எல்லையைக் குறிக்கவே அப்படிப்பட்ட முனைகளிலும் கல், மரக்கட்டை மேலும் எச்சமிடும், திரும்பத் திரும்ப அங்கே வரும்.

சரி, விலங்கை ஈர்க்க வைக்கும் வாடைக்கு வருவோம். இறைச்சியோ செத்த கோழியோ போடுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். ஒரே இடத்தில் பல விலங்குகள் கூடினால் சொறியும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் பரவ வழியாகும், விலங்கு மனித நடமாட்டத்தையும் தீனியையும் சேர்த்துப் பழகிவிடும், கரடி உள்ள காட்டில் அது உங்கள் உயிருக்கே ஆபத்து. பல இடங்களில் சட்டப்படியும் குற்றம், வாடை வைப்பதற்கே கூட கட்டுப்பாடு இருக்கலாம் என்பதால் முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். அதோடு, தின்ன வரும் விலங்கு தலையைக் குனிந்துகொண்டே இருக்கும், நல்ல படமும் கிடைக்காது. நமக்கு வேண்டியது அது நின்று மோந்து பார்க்கும் சில நொடிகள்தான்.

அதற்கு மீன் எண்ணெய் சில சொட்டுகள் போதும். பஞ்சில் நனைத்து, கேமராவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, மரப்பட்டை இடுக்கில் விலங்கின் மூக்கு உயரத்தில், மழை நேராகப் படாதபடி செருகிவிடுங்கள். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், அதனால் பாதைக்குச் சற்று மேல்பக்கம் வைத்தால் வாடை தானாகவே பாதைக்கு வந்து சேரும்.

நரி, ஓநாய்க்கு மோப்பமே பிரதானம். பூனை இனம் கொஞ்சம் வேறு, வேட்டையில் கண்ணையும் காதையும்தான் அதிகம் நம்பும். அதனால் வாடையோடு ஒரு இறகை நூலில் கட்டி, காற்றில் லேசாக ஆடும்படி தொங்கவிட்டால் எட்டிப் பார்க்க வரும். வாசனையும் வேலை செய்யாமல் இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் 2003-ல் சிவிங்கிப்புலிகளுக்குப் பல வாசனைத் திரவியங்களை வைத்துப் பார்த்தபோது, கால்வின் கிளைனின் 'அப்செஷன் ஃபார் மென்' முன்னால்தான் அவை வெகுநேரம் நின்றன. பிறகு குவாத்தமாலா காடுகளில் ஜாகுவாரைக் கேமரா முன் கொண்டுவரவும் ஆய்வாளர்கள் அதையே பயன்படுத்தினார்கள். புனுகில் உள்ள சிவெட்டோன் என்ற வேதிப்பொருளைப் போன்ற வாசனை அதில் இருப்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அப்புறம் கேமரா. நரி, காட்டுப்பூனை அளவுக்கு முழங்கால் உயரம் சரி, ஆள் உயரத்தில் கட்டினால் முதுகுதான் தெரியும். சென்சார் வெப்பம் நகர்வதைத்தான் உணர்கிறது, நேராக எதிரே வரும் விலங்கைவிடக் குறுக்கே போவதைச் சீக்கிரம் பிடிக்கும். அதற்காகப் பாதைக்குச் செங்குத்தாகவும் வைக்காதீர்கள், வேகமாகப் போகும் விலங்கின் வால் மட்டும்தான் மிஞ்சும், 45 டிகிரி சாய்வில் வையுங்கள். சூரியன் நேராக லென்ஸில் விழக்கூடாது. முன்னால் இருக்கும் புல்லையும் தாழ்ந்த கிளைகளையும் வெட்டிவிடுங்கள், வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினாலே கார்டு வெற்றுப் படங்களால் நிரம்பிவிடும். இரவில் படமெடுக்கக் கேமரா விடும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டர் என்றால் படம் தெளிவாக வரும், ஆனால் மங்கலான சிவப்பு ஒளி தெரியும். 940 என்றால் ஒளி கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறையும். கூச்ச சுபாவமுள்ள விலங்குக்கு நான் 940-ஐத்தான் சொல்வேன். குளிர் அதிகமென்றால் லித்தியம் பேட்டரியே போடுங்கள்.

ரப்பர் பூட்ஸ், கையுறை போட்டுக்கொண்டு நடுப்பகலில் போய்வாருங்கள், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும், அடிக்கடி போனால் உங்கள் வாடைதான் அங்கே மிஞ்சும். குட்டி வளர்க்கும் குகை, பொந்து பக்கம் எதையும் வைக்கவே வேண்டாம், வீடு, ஆட்டுக்கொட்டகை, கோழிக்கூண்டு பக்கமும் கூடாது. அரிய விலங்கு பதிவானால் படத்தை இணையத்தில் போடும் முன் இடத்தைக் காட்டும் விவரங்களை அழித்துவிடுங்கள், கள்ள வேட்டைக்காரர்களும் அதைப் பார்க்கிறார்கள். ஒரே வாடையை வைத்துக்கொண்டே இருந்தால் விலங்குக்கு அலுத்துப்போய்க் கண்டுகொள்ளாமல் போகும், அப்போது சில வாரம் எதுவும் வைக்காமல் விட்டு, வேறொன்றை மாற்றிப் பாருங்கள்.