ஏபிசி/சி எதையும் அழிப்பதில்லை

ஏபிசி/சி (அனாஃபேஸ் புரமோட்டிங் காம்ப்ளெக்ஸ்/சைக்ளோசோம்) என்பது செல் பிரிதலை முன்னகர்த்தும் ஒரு நொதிக் கூட்டு. செல் பிரிதல் பற்றி எழுதும்போது பலர் தொடக்கத்திலேயே சறுக்குகிறார்கள்: "ஏபிசி/சி புரதங்களை அழிக்கும்" என்று. அழிக்காது. 76 அமினோ அமிலங்கள் கொண்ட யூபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தைச் சங்கிலியாகக் கோத்து இலக்கின் மேல் ஒட்டிவிடும், அவ்வளவுதான். நறுக்கும் வேலை, செல்லின் புரதம் நறுக்கும் இயந்திரமான புரோட்டியசோமுடையது. சாலையோர மரத்துக்குப் பெயின்ட்டில் எண் போட்டுவிட்டுப் போகிறவர் வேறு, ரம்பத்தோடு வருகிறவர் வேறு.

அடுத்தது, எனக்கு ரொம்ப எரிச்சலூட்டும் தவறு. செல் பிரிதலை இயக்கும் சைக்ளின் பி என்ற புரதம் அழிந்ததால்தான் குரோமோசோம்கள் பிரிகின்றன என்பார்கள். அதற்குக் காரணம் செக்யூரின் என்ற வேறொரு புரதம். அது செப்பரேஸ் என்ற நொதியைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். ஏபிசி/சி குறி வைத்து செக்யூரின் ஒழிந்ததும் செப்பரேஸ் விடுபட்டு, இரட்டித்த குரோமோசோமின் இரு பிரதிகளான சகோதரி குரோமாட்டிடுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோஹீசின் வளையத்தை வெட்டும். சைக்ளின் பி அழிவது மைட்டாசிஸை (குரோமோசோம்கள் பங்கிடப்படும் கட்டத்தை) முடித்து வெளியே வருவதற்கு. தவளை முட்டைச் சாற்றில் சிதைக்க முடியாத சைக்ளினைச் சேர்த்துப் பார்த்தார்கள்: குரோமாட்டிடுகள் பிரிந்துவிட்டன, மைட்டாசிஸ் மட்டும் முடியவில்லை. (சைக்ளின் அளவு மிக அதிகமானால் பிரிவதே தடைபடும், அது தனிக் கதை.)

யூபிக்விட்டின் ஒட்டும் இன்னொரு கூட்டான எஸ்சிஎஃபையும் ஏபிசி/சி-யையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள். எஸ்சிஎஃப் பெரும்பாலும் தயாராகவே இருக்கும், பல இலக்குகளில் பாஸ்பேட் ஏறினால்தான் அதன் எஃப்-பாக்ஸ் புரதம் அவற்றைப் பிடிக்கும். ஏபிசி/சி-யிலோ சுவிட்ச் அதனிடமே இருக்கிறது: மைட்டாசிஸில் சிடிசி20 என்ற துணைப் புரதமும், அதன் முடிவிலும் அடுத்து வரும் ஜி1 கட்டத்திலும் சிடிஹெச்1 என்ற துணைப் புரதமும் வந்து சேர வேண்டும். பாஸ்பேட் என்றாலே 'ஆன்' என்று மனப்பாடம் செய்தவர்கள் மாட்டுவதும் இங்கேதான். ஏபிசி/சி-யின் மேல் ஏறும் பாஸ்பேட் சிடிசி20 சேர உதவும், சிடிஹெச்1 மேல் ஏறினால் அது சேரவே முடியாது.

அப்புறம் செக்பாயிண்ட், அதாவது குரோமோசோம்கள் ஒட்டும்வரை பிரிவை நிறுத்தி வைக்கும் சோதனை. எல்லா குரோமோசோம்களும் அவற்றை இழுக்கும் இழைகளான ஸ்பிண்டிலில் ஒட்டியதும் 'போகலாம்' என்று ஒரு சிக்னல் கிளம்புவதாக நினைக்காதீர்கள். குரோமோசோமில் இழை ஒட்ட வேண்டிய இடம் கைனட்டோகோர்; ஒட்டாத கைனட்டோகோர்தான் 'நில்' என்று கத்தும்; மேட்2 முதலிய புரதங்கள் சிடிசி20-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்தல் அடங்கினால் வழி திறக்கும்.

சரி, பெயர். வெறும் ஏபிசி என்று தேடினால் பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு வந்து நிற்கும், இதற்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். கடைசி '/சி'-யை விடாதீர்கள். அது சைக்ளோசோம், 1995-ல் ஹெர்ஷ்கோ குழு வைத்த பெயர். முன்பாதி அதே ஆண்டு கிர்ஷ்னர் குழு வைத்தது.