பழைய வித்வான்களின் ஒலிப்பதிவு தேடி ஊருக்குப் போகிறவர்களுக்கு

மார்கழியில் சென்னைக்குப் போகிறவர்கள் கச்சேரிக்கும் சபா கேன்டீனுக்கும் நாட்களைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். அந்தப் பயணத்திலேயே பழைய வித்வான்களின் ஒலிப்பதிவுகளையும் தேடிச் சேர்க்க எண்ணுகிறவர்கள், விடுமுறை இடங்கொடுத்தால், பொங்கல் கழிந்து ஒரு வாரம் சென்று போவது நல்லது. நாம் பார்க்க வேண்டிய பெரியவர்கள் டிசம்பர் முழுவதும் ஏதாவதொரு சபாவின் நாற்காலியில் இருப்பார்கள். தை பிறந்த பிறகுதான் வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து பேச அவர்களுக்கு மனம் வரும். மழைக்காலத்துப் புழுக்கமும் அதற்குள் தணிந்திருக்கும். ஒலிநாடாவைக் கையாள அது உகந்த பருவம்.

எதைத் தேடுவது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சென்ற நூற்றாண்டின் பெரும் பாடகர்களில் அரியக்குடியின் கச்சேரியோ, ஜி.என்.பி.யின் இசைத்தட்டோ, மதுரை மணி ஐயரின் கற்பனை ஸ்வரமோ வேண்டுமென்றால் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கேட்டுவிடலாம். அதற்காக ஊருக்குப் போக வேண்டியதில்லை. இணையத்தில் அகப்படாதது அந்தப் பதிவின் பிறப்புக்குறிப்பு. எந்த ஊரில், எந்தச் சபாவில், எந்தத் தேதியில் பாடியது, வயலின் யார், மிருதங்கம் யார், யாருடைய இயந்திரத்தில் பதிவானது என்ற விவரங்கள் பிரதிக்குப் பிரதி தேய்ந்துபோய், ஒரே கச்சேரி மூன்று வெவ்வேறு ஆண்டுகளைச் சுமந்துகொண்டு உலவுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நேரில் போகிறவர் செய்யக்கூடிய உருப்படியான வேலை அந்தக் குறிப்பை, அது தெரிந்தவர்கள் இருக்கும்போதே, கேட்டு எழுதிக்கொண்டு வருவதுதான்.

வணிக நிறுவனங்கள் வெளியிட்ட தட்டுகளில் இந்தச் சிக்கல் குறைவு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கும் என்பதால், வித்வான்கள் ஒரு கீர்த்தனையைச் சுருக்கியோ இரண்டு பக்கத்துக்குப் பிரித்தோ பாடினார்கள். கச்சேரியில் அவர்கள் எப்படி விரித்திருப்பார்கள் என்பதைத் தட்டு சொல்லாது. ஆனாலும் 1933இல் இளம் வயதிலேயே மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரலுக்கு நமக்கிருக்கும் சாட்சி அந்த மூன்று நிமிடங்கள்தான். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் கொலம்பியா நிறுவனத்தின் தட்டுக்குப் பெரும் பங்குண்டு. தட்டொன்று கையில் கிடைத்தால் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். காகிதத்துக்கும் இசைக் கோடுகள் முடியும் இடத்துக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் சிறிய எண்ணொன்று பொறித்திருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். காகிதத்தில் இருப்பது விற்பனை எண். அது மறுவெளியீட்டில் மாறலாம். வளையத்தில் இருப்பது பதிவுக்கே உரிய எண் என்பதால், இரண்டு தட்டுகள் ஒரே பாட்டின் ஒரே பதிவுதானா என்பதை அதைக்கொண்டு சொல்லிவிடலாம்.

வளமான சுரங்கம் வீடுகளில் இருக்கிறது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து, வசதியுள்ள ரசிகர்கள் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் (சுருளில் சுற்றிய ஒலிநாடாவில் பதியும் இயந்திரம்) வாங்கி, வானொலிக் கச்சேரிகளையும் சபாக் கச்சேரிகளையும் கல்யாணக் கச்சேரிகளையும் பதிவு செய்தார்கள். மயிலாப்பூரில் நான் பார்க்கப்போன பெரியவர் ஒருவர், கோத்ரெஜ் பீரோவின் கீழ்த்தட்டில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில், அந்துருண்டை வாசத்தோடு நாற்பது சுருள்களை அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்குள்ளும் மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் பென்சிலால் ராகமும் உருப்படியும் (பாட்டும்) பக்கவாத்தியமும் வரிசையாக எழுதியிருந்தன. இரண்டு இடங்களில் உருப்படிக்கு எதிரே சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அது என்னவென்று கேட்டேன். "தனி வந்தா நிறுத்திடுவேன் சார். டேப் விலை அப்படி" என்றார். தனி என்பது தாளவாத்தியக்காரர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம். ஏழு அங்குலச் சுருளில் 1200 அடி நாடா. விநாடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஓட்டினால் பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் வரும். மூன்று மணி நேரக் கச்சேரியில் சுருளைத் திருப்பிப் போடும் இடைவெளியில் பல்லவியின் நடுப்பகுதி போயிருக்கும். மிச்சம் பிடிப்பதற்காகத் தனி ஆவர்த்தனம் பலியாகியிருக்கும். பழனி சுப்ரமணிய பிள்ளையைப் போன்ற ஒரு மிருதங்க மேதையின் தனி முழுதாகப் பதிவான சுருளைக் கண்டால், பாடியவர் யாரானாலும், அதற்கு முதலிடம் கொடுங்கள்.

இத்தகைய வீடுகளுக்கு முதல் நாளே மடிக்கணினியோடு போய் நிற்கக் கூடாது. பணப் பேச்சும் கூடாது. முதல் சந்திப்பில் கேட்டுவிட்டு மட்டும் வாருங்கள். நம்மிடம் இருக்கும் நல்ல பதிவு ஒன்றை, அவரிடம் இல்லாததாகப் பார்த்து, கையோடு கொண்டுபோங்கள். கொடுக்கல் வாங்கல் அங்கிருந்துதான் தொடங்கும். பென்சில் தாள்களைக் கைப்பேசியில் படமெடுக்க அனுமதி கேட்டால் யாரும் மறுப்பதில்லை. என் அனுபவத்தில் அந்தப் படங்கள்தான் சுருள்களைவிட அதிகம் பயன்பட்டன. நாடா எளிதில் முறிந்தாலோ, பெட்டியைத் திறந்ததும் காடி வாசம் அடித்தாலோ, வெள்ளைப் பூஞ்சை தெரிந்தாலோ, எந்த இயந்திரத்திலும் அதை ஓட்ட வேண்டாம். தேர்ந்தவரிடம் கொடுத்துச் சீர்செய்யாமல் ஓட்டினால், அதுவே அந்த நாடாவின் கடைசி ஓட்டமாகிவிடும்.

பிரதி எடுத்த பிறகு சுருதியைச் சோதிக்காமல் எழுந்துவிடாதீர்கள். பழைய இயந்திரங்கள் வேகம் தவறி ஓடும். வேகத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினாலே ஒரு கட்டை சுருதியில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். அந்த வித்வான் அந்த வயதில் எத்தனை கட்டையில் பாடினார் என்பது பெரியவருக்குத் தெரிந்திருக்கும். தம்புராவை மட்டும் தனியாகக் கேட்க வைத்து அவரையே சொல்லச் சொல்லுங்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலப் பிரதியின்மேல் ஏவக் கூடாது. அது மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்க) நாதத்தையும் தம்புராவின் மேல் நாதத்தையும் சேர்த்தே துடைத்துவிடும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் (சுருக்கப்படாத) கோப்பாக ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மற்ற சீர்திருத்தங்களை அதன் நகலில் செய்துகொள்ளலாம்.

நிறுவனங்களைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அடக்கிக்கொண்டு போவது நல்லது. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிகளைத் தொடுதிரையில் தேடி அங்கேயே அமர்ந்து கேட்க ஏற்பாடு உண்டு. பிரதி கொண்டுவர இயலாது. ஆனாலும் நம்மிடமுள்ள தேதியில்லாப் பதிவை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடமில்லை. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களும் நாடகப் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. தட்டு வெளியான காலத்துப் பத்திரிகை விளம்பரம் ஒன்று அகப்பட்டால் ஆண்டுக் குழப்பம் அன்றே தீர்ந்துவிடும். ஆகாசவாணியின் வானொலி நிலையம் சென்னையில் 1938இலும் திருச்சியில் 1939இலும் தொடங்கிவிட்டது என்றாலும், ஆரம்பகால ஒலிபரப்புகள் பெரும்பாலும் நேரலை. ஒலிபரப்பான கணத்திலேயே காற்றோடு போய்விட்டன. பிற்காலத்தவற்றில் ஆகாசவாணி தேர்ந்தெடுத்து வெளியிட்டிருப்பதை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். நிலைய வாசலில் போய் நின்று பிரதி கேட்பது வீண் அலைச்சல்.

கடைத்தெருவில் தேட விரும்புகிறவர்கள் சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பின் பழைய புத்தகக்காரர்கள் இடம் பெயர்ந்த அல்லிக்குளம் வளாகத்தை ஒரு முறை சுற்றி வரலாம். 1963இல் வந்த எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் எல்பி (நீண்டநேர வினைல் தட்டு) எங்கும் கிடைக்கும். அதற்கு அரிய பொருளின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிய தட்டைச் சுத்தம் செய்வதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். வினைல் தட்டைத் துடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, விடுதி அறையில் ஒரு 78 தட்டின்மேல் தேய்த்தேன், பஞ்சு கறுத்தது. அழுக்கு என்று மகிழ்ந்து மேலும் தேய்த்தபோது, கறுப்பாக வந்தது அரக்கு என்று தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. சாராயச் சத்து அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும், ஒரு துளி மென்சோப்பும், காகிதம் நனையாமல் பிடிக்கும் பொறுமையும் போதும். எல்பி ஊசியில் 78 தட்டை ஓட்டவும் கூடாது. அதன் கோடு அகலமானது, அதற்கென்றே தடித்த ஊசி உண்டு.

பத்து அங்குல அரக்குத் தட்டு சுமார் 200 கிராம் எடை இருக்கும். இருபத்தைந்தைக் கைப்பையில் வைத்தாலே ஐந்து கிலோ. பெட்டியில் போட்டு அனுப்பினால் சில்லுகள்தான் வந்து சேரும் என்பதால் கையோடு, படுக்க வைக்காமல் நிறுத்தி, இடையிடையே அட்டை கொடுத்துக் கொண்டுவர வேண்டும். விமான நிலைய எக்ஸ்ரே நாடாவை ஒன்றும் செய்யாது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள்களை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கிறது; 1900களின் தொடக்கத்தில் வந்த தட்டுகள் அந்த வயதை எட்டிவிட்டன. அப்படியொன்று கிடைத்தால் தொல்லியல் துறையிடம் விசாரித்துச் சான்று பெறுங்கள், அல்லது ஒலியை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு தட்டை ஊரிலேயே விட்டுவாருங்கள்.

ஈழத்துக்குப் போகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. அளவெட்டி தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டு நாதஸ்வர வித்வான்களுக்கும் வாசித்துப் புகழ்பெற்றவர். திருவிழா மேளக் கச்சேரிகளைக் கேசட்டில் பிடித்த குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் பல இருந்தன; இடப்பெயர்வுகளில் போனது போக, தப்பியவை டொரொண்டோவிலும் லண்டனிலும் உறவினர் வீட்டு நிலவறைகளில் கிடக்கக்கூடும். அவற்றைக் கிளறிப் பார்த்துவிட்டு, பிரதியோடு ஊருக்குப் போய், வாசித்தவர் யாரென்று அங்குள்ள மேளகாரரிடம் கேட்டு எழுதிக்கொள்வதே சரியான வரிசை.

உரிமை விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை. 1960இல் வெளியான தட்டுக்கு 2020இன் முடிவோடு அது தீர்ந்தது. வீட்டுச் சுருள்கள் வெளியிடப்படாதவை என்பதால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. கொடுத்தவர் கேட்டுக்கொண்டால் இணையத்தில் ஏற்றாமல் வைத்திருப்பதே முறை. பெரியவருக்குத் தரும் பிரதியை எம்பி3 ஆக மாற்றி, பென் டிரைவில் போட்டு, அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் செருகி, பாட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நான் முதல் தடவை வேவ் கோப்பாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஆண்டு போனபோது அது உறை பிரியாமல் பூஜை அலமாரியில் இருந்தது.